கொழுப்புக் கல்லீரல்: ரத்தப் பரிசோதனைத் தாளைப் படிப்பதிலிருந்து சாப்பாட்டுத் தட்டை மாற்றுவது வரை

வயிற்று ஸ்கேன் அறிக்கையில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று ஒரு வரி வந்தால், வீட்டில் இரண்டில் ஒன்று நடக்கிறது. ‘எல்லோருக்கும் இருப்பதுதானே’ என்று தாள் அலமாரிக்குள் போய்விடுகிறது. அல்லது பயந்துபோய், எண்ணெயை அடியோடு நிறுத்திவிட்டு, கஷாயம் காய்ச்சத் தொடங்குகிறார்கள். இரண்டுமே கல்லீரலுக்கு உதவாது.

அலட்சியம் செய்யக்கூடிய அளவுக்கு இது அரிதான நோயல்ல. சென்னை மக்களிடையே நடந்த ‘க்யூர்ஸ்’ ஆய்வு 2009-இல் வெளியானபோதே ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருந்தது தெரியவந்தது. 2021-இல் இந்திய அரசு இதைச் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், புற்றுநோய் ஆகியவற்றோடு தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்த்தது. மதுவால் வராத இந்த நோய்க்கு 2023-இல் உலக அளவில் பெயரையே மாற்றி, ‘வளர்சிதை மாற்றக் கோளாறோடு தொடர்புடைய கல்லீரல் கொழுப்பு நோய்’ என்றார்கள். உடல் சர்க்கரையையும் கொழுப்பையும் கையாளும் விதம் பழுதாவதுதான் நோயின் வேர் என்பதைப் புதிய பெயர் வெளிப்படையாகவே சொல்கிறது.

இந்த வழிகாட்டியில் நான் வற்புறுத்துவது இரண்டு. ஒன்று, கொழுப்பு எவ்வளவு என்பதைவிடத் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதே முக்கியமான கேள்வி. அதற்கான முதல் விடை உங்கள் கையில் உள்ள ரத்தப் பரிசோதனைத் தாளிலேயே இருக்கிறது. இரண்டு, நம் தட்டில் முதலில் குறைய வேண்டியவை சோறும் சர்க்கரையும். எண்ணெய் அதற்கு அடுத்துத்தான்.

படி 1: சரியான பரிசோதனைகளை, சரியான நாளில்

பின்வருபவை ஒரே நாளில் எடுக்கப்பட வேண்டும்: எல்.எஃப்.டி. எனப்படும் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை, தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையோடு கூடிய முழு ரத்த எண்ணிக்கை, வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி., கொழுப்புப் பரிசோதனை. முதல் முறை என்றால் ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளையும் தைராய்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்கேனில் கொழுப்பு தெரிகிறது என்பதற்காகக் கிருமித் தொற்று இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். இளம் வயதினராக இருந்து, கல்லீரல் எண்கள் ஏறியே இருந்தால், செம்பு உடலில் தேங்கும் வில்சன் நோய்க்கான பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

நாள் தேர்வும் முக்கியம். கடுமையான உடற்பயிற்சி செய்த மறுநாள் ரத்தம் கொடுத்தால் எல்.எஃப்.டி.யில் வரும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகள் இரண்டும் தசையிலிருந்தே கூடிவிடும். டெங்கு போன்ற காய்ச்சல் வந்த சமயத்தில் எடுத்தால் தட்டணு குறைந்து, எஸ்.ஜி.ஓ.டி. எகிறியிருக்கும், அந்த எண்களை வைத்துத் தழும்பைக் கணக்கிட்டால் நலமான கல்லீரலும் கெட்டுப்போனதாகத் தோன்றும். காய்ச்சல் முழுதும் விட்டுச் சில வாரங்கள் கழித்து எடுப்பதே சரி.

சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட், டமாக்ஸிஃபென், அமியோடரோன், வால்ப்ரோயேட் ஆகியவை தாமாகவே கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கக்கூடியவை. அதற்காக யாரும் தாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. மருத்துவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

படி 2: தாளில் எந்த எண் என்ன சொல்கிறது

முதலில் கண் போகும் இடம் எஸ்.ஜி.பி.டி. கல்லீரல் செல்கள் காயப்படும்போது ரத்தத்தில் கசியும் நொதி இது. இதில் இரண்டு ஏமாற்றங்கள் உண்டு. பல லேப்களின் தாளில் 40, 50, சிலவற்றில் அதற்கும் மேல்வரை ‘நார்மல்’ என்று அச்சிட்டிருக்கும். அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரியின் 2017 வழிகாட்டுதல்படி, ஆரோக்கியமான கல்லீரலுக்கு உச்ச வரம்பு ஆண்களுக்கு 29 முதல் 33 வரை, பெண்களுக்கு 19 முதல் 25 வரைதான். ஆகவே 38 என்று வந்த பெண்ணுக்குத் தாளில் நட்சத்திரக் குறி இல்லாவிட்டாலும் அது கவனிக்க வேண்டிய எண்.

இரண்டாவது ஏமாற்றம் இன்னும் ஆபத்தானது. எஸ்.ஜி.பி.டி. முற்றிலும் சரியாக இருக்கும்போதே கல்லீரலில் கொழுப்பும் தழும்பும் இருக்கலாம். நோய் முற்றி, கல்லீரல் முழுதும் தழும்பாகி இறுகும் சிரோசிஸ் நிலைக்கு வந்த பலருக்கு இந்த எண் இறங்கியே போயிருக்கும், கசிவதற்கு நல்ல செல்கள் குறைந்துவிடுவதால். ‘போன வருஷம் 90, இப்போது 35’ என்பது எப்போதும் நல்ல செய்தியல்ல. எடை குறைந்து, சர்க்கரை குறைந்து, அதோடு இதுவும் குறைந்தால்தான் நல்ல செய்தி.

எஸ்.ஜி.ஓ.டி.யைத் தனியாகப் பார்க்காமல் எஸ்.ஜி.பி.டி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொழுப்புக் கல்லீரலின் ஆரம்பத்தில் எஸ்.ஜி.பி.டி.தான் பெரியதாக இருக்கும். எஸ்.ஜி.ஓ.டி. அதைத் தாண்டினால் தழும்பு விழுந்திருக்கலாம் என்ற ஐயம் எழ வேண்டும். இரு மடங்குக்கு மேல் தாண்டினால் மது காரணமா என்று பார்ப்பார்கள். ஜி.ஜி.டி. என்ற இன்னொரு கல்லீரல் நொதியும் மதுவால் ஏறும். ஆனால் உடல் பருமன், சில மருந்துகள் ஆகியவற்றாலும் ஏறுவதால் அதை மட்டும் வைத்து ஒருவரைக் குடிகாரர் என்று முடிவு கட்டுவது அநியாயம்.

பிலிருபின், ஆல்புமின், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். ஆகியவையே கல்லீரல் வேலை செய்யும் திறனைக் காட்டுபவை. இவை கெடும்போது நோய் வெகுதூரம் போயிருக்கும்.

யாரும் பார்க்காத எண் தட்டணு. அது வேறு தாளில், முழு ரத்த எண்ணிக்கையில் இருக்கும். கல்லீரலில் தழும்பு கூடக்கூட அதன் வழியே ரத்தம் ஓடுவது தடைபட்டு, மண்ணீரல் வீங்கி, தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. காய்ச்சல் எதுவும் இல்லாமல் தட்டணு 1.5 லட்சத்துக்குக் கீழே இறங்கியிருந்தால், எஸ்.ஜி.பி.டி. எவ்வளவு அழகாக இருந்தாலும் கல்லீரல் நிபுணரைப் பாருங்கள்.

படி 3: நான்கு எண்களில் ஒரு கணக்கு

இந்தக் கணக்கின் பெயர் ஃபிப்-4. காசு செலவில்லை, கைபேசியில் உள்ள கால்குலேட்டர் போதும். இவ்வளவு எளிய கணக்கை லேப் தாள்கள் தாமாகவே அச்சிட்டுத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது நடக்கும்வரை நாமே போட்டுக்கொள்ளலாம்.

வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். இது மேலே. தட்டணுவை ஆயிரக் கணக்கில் எடுத்து, அதாவது 2.1 லட்சம் என்றால் 210 என்று எடுத்து, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். இது கீழே. மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுங்கள்.

ஒருவருக்கு வயது 48, எஸ்.ஜி.ஓ.டி. 42, எஸ்.ஜி.பி.டி. 64, தட்டணு 2.1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 48 × 42 = 2016. 64-இன் வர்க்கமூலம் 8; 210 × 8 = 1680. வகுத்தால் 1.2.

இன்னொருவருக்கு வயது 58, எஸ்.ஜி.ஓ.டி. 58, எஸ்.ஜி.பி.டி. 49, தட்டணு 1.4 லட்சம். 58 × 58 = 3364. 140 × 7 = 980. வகுத்தால் 3.43.

1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 2.67-க்கு மேல் போனால் வாய்ப்பு அதிகம். இடையில் இருந்தால் அடுத்த பரிசோதனை தேவை. எஸ்.ஜி.பி.டி. 64 என்று பார்த்துப் பயந்திருக்கக்கூடிய முதலாமவருக்கு அவகாசம் இருக்கிறது. 49 என்று பார்த்து நிம்மதியாக இருந்திருக்கக்கூடிய இரண்டாமவர்தான் உடனே நிபுணரைப் பார்க்க வேண்டியவர். எஸ்.ஜி.பி.டி.யை மட்டும் பார்ப்பது ஏன் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வயது வரம்புகளை மறக்காதீர்கள். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு நம்பகமானதல்ல. 65 வயதுக்கு மேல் 1.3-க்குப் பதிலாக 2.0-ஐக் கீழ் வரம்பாகக் கொள்ள வேண்டும்.

எண் 1.3-க்கு மேல் வந்தால் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். விலா எலும்புகளுக்கு இடையில் கருவியை வைத்துக் கல்லீரலின் விறைப்பை அளக்கும் வலியற்ற பரிசோதனை; அதற்கு முன் 3 மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். விறைப்பு 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் கவலையில்லை. 12-க்கு மேல் என்றால் முற்றிய தழும்பு என்றே கருதி மேற்கொண்டு பார்ப்பார்கள். சாதாரண வயிற்று ஸ்கேனில் சொல்லும் கிரேடு 1, 2, 3 என்பதெல்லாம் கொழுப்பின் அளவைப் பற்றியது மட்டுமே. கிரேடு 1 உள்ளவருக்கும் தழும்பு இருக்கலாம், கிரேடு 3 உள்ளவருக்கு இல்லாமலும் இருக்கலாம்.

படி 4: நோயின் வேரைக் காட்டும் எண்கள்

எச்.பி.ஏ.1.சி. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோயின் வாசல்; 6.5-இல் நோய். ரத்தக் கொழுப்பு வகைகளில் ஒன்றான ட்ரைகிளிசரைடு 150-ஐத் தாண்டுவதும், நல்ல கொழுப்பான எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே இறங்குவதும் கல்லீரல் கொழுப்போடு கைகோத்தே வருபவை.

இதோடு ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. வரம்பு. உயரத்துக்கேற்ற எடைக் குறியீடும் நமக்கு 25 அல்ல, 23-இலிருந்தே அதிகம். ‘நான் ஒல்லிதானே’ என்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்: மேற்கு வங்கத்துக் கிராமப்புறத்தில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், கல்லீரல் கொழுப்பு இருந்தவர்களில் பெரும்பாலோர் பருமனானவர்களே அல்ல.

இந்த எண்கள் முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது மாரடைப்பு முதலான இதய நோய்கள். கல்லீரல் அதற்குப் பிறகுதான். ஆகவே மருத்துவர் ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதினால், கல்லீரலைக் கெடுத்துவிடும் என்று அஞ்சி நிறுத்தாதீர்கள். கொழுப்புக் கல்லீரலில் அது பாதுகாப்பானதே.

படி 5: எவ்வளவு எடை குறைய வேண்டும்

எடையில் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறைகிறது. 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சி தணிகிறது. 10 சதவீதத்தை எட்டினால் தழும்பே பின்வாங்கக்கூடும். கியூபாவில் 293 நோயாளிகளை ஓராண்டு உணவு, உடற்பயிற்சி மாற்றத்தில் வைத்து, முன்னும் பின்னும் கல்லீரல் திசுவை எடுத்துப் பார்த்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. 10 சதவீதம் குறைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அழற்சி நோய் நீங்கியது. மருந்தில்லாமல் நடந்தது இது.

76 கிலோ உள்ளவருக்கு 5 சதவீதம் என்பது 3.8 கிலோ, 10 சதவீதம் 7.6 கிலோ. வாரம் அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை போதும். பட்டினி கிடந்து வேகமாக இறக்கினால் பித்தப்பையில் கல் வரக்கூடும், கல்லீரல் அழற்சியும் கூடலாம். எடை சரியாக உள்ளவர்களுக்கு 3 முதல் 5 சதவீதம் இலக்கு.

படி 6: தட்டு

கல்லீரலில் சேரும் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு தடம் பிடித்துப் பார்த்தது. 59 சதவீதம் உடற்கொழுப்பிலிருந்து ரத்தம் வழியாக வந்தது. 26 சதவீதத்தை மாவுச்சத்து, சர்க்கரை ஆகியவற்றைக் கொண்டு கல்லீரல் தானே தயாரித்தது. சாப்பிட்ட கொழுப்பிலிருந்து நேராக வந்தது 15 சதவீதம் மட்டுமே. முட்டையையும் தேங்காய்ச் சட்னியையும் நிறுத்திவிட்டு, மூன்று வேளையும் சோறும் இட்லியும் கஞ்சியுமாகச் சாப்பிட்டால் ஏன் பலன் கிடைப்பதில்லை என்பது இப்போது புரியும். இந்தியர்களின் உணவில் 62 சதவீத ஆற்றல் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வும் 2025-இல் சொன்னது.

சர்க்கரையிலிருந்து தொடங்குங்கள், அதுதான் சீக்கிரம் பலன் தரும். சர்க்கரையில் பாதி, ஃப்ரக்டோஸ் எனப்படும் பழச்சர்க்கரை. அதன் பெரும்பகுதியைக் கையாள்வது கல்லீரல். ஒரு டீக்கு இரண்டு கரண்டி என்றால் 10 கிராம். நாளுக்கு நான்கு டீ குடித்தால் 40 கிராம், பிஸ்கட் கணக்கில் சேராமலே. 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கல்லீரலில் கொழுப்பு உள்ளவர்கள் இன்னும் கீழே போவதே மேல். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாறுவதால் கல்லீரலுக்கு ஒரு சலுகையும் கிடைப்பதில்லை. உடலுக்கு நல்லது என்று நம்பி அதிகமாகப் போட்டுக்கொள்பவர்களைப் பார்க்கையில் வருத்தமாக இருக்கிறது. பழச்சாறும் இதே வகைதான். கொய்யாவோ ஆரஞ்சோ முழுப் பழமாக ஒன்றிரண்டு சாப்பிடலாம்.

அடுத்தது சோறு. முழுதாக விட வேண்டியதில்லை. தட்டில் பாதி இடத்தைக் காய்க்கும் கீரைக்கும் கொடுங்கள். கால் பகுதி சோறு. மீதிக் கால் பகுதி பருப்பு, பயறு, முட்டை, மீன், கோழி, பனீர் ஆகியவற்றில் ஒன்று. நம் வீடுகளில் பொரியல் ஓரத்தில் இரண்டு கரண்டி இருக்கும், சோறு மலைபோல் இருக்கும். அதைத் தலைகீழாக்க வேண்டும். பொரியலையும் கூட்டையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் ரத்தச் சர்க்கரையும் மெதுவாகவே ஏறும். உருளை, சேனை, மரவள்ளி ஆகியவை காய்க் கணக்கில் வராது. சோற்றுக் கணக்கில் வைக்க வேண்டும்.

சிறுதானியத்துக்கு மாறினால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கேழ்வரகிலும் சாமையிலும் தினையிலும் நார்ச்சத்து கூடுதல், உண்மைதான். ஆனால் அவையும் மாவுச்சத்தே. நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை சட்டென்று ஏறும். அதே கால் தட்டு அளவு, முழுத் தானியமாக, என்றால் நன்மை உண்டு.

காலை உணவில் புரதம் இல்லாமல் போவதே பெரும்பாலான வீடுகளின் குறை. இரண்டு இட்லியோடு பருப்பும் காயும் கெட்டியாக உள்ள சாம்பார், கூடவே அவித்த முட்டை. அல்லது பாசிப்பருப்பு தோசை, பருப்பு கூடுதலாகப் போட்ட அடை. மாலையில் வடை, பஜ்ஜி, மிக்சருக்குப் பதில் சுண்டல். வேர்க்கடலை என்றால் ஒரு கைப்பிடி. மீன் சாப்பிடுபவர்களுக்கு மத்தியும் அயிலையும் மலிவானவை, ஒமேகா-3 நிறைந்தவை. வாரம் இருமுறை குழம்பாக வையுங்கள், பொரிக்க வேண்டாம். இரவுச் சாப்பாட்டை நேரத்தோடு முடித்துவிடுங்கள்.

எண்ணெயில் அளவோடு வகையும் பார்க்க வேண்டும். சுவீடனின் உப்சாலாவில் 39 இளைஞர்களுக்கு 7 வாரம் கூடுதலாகக் கேக் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்குப் பாமாயிலில் செய்தது, மற்றதற்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. எடை இரண்டு பிரிவிலும் ஒரே அளவு ஏறியது. கல்லீரல் கொழுப்பு பாமாயில் பிரிவில்தான் தெளிவாகக் கூடியது. 2014-இல் வந்த முடிவு இது. தமிழ்நாட்டில் ரேஷன் பாமாயிலை நம்பியே சமையல் நடக்கும் குடும்பங்கள் ஏராளம். விலையேறிய எண்ணெய்க்கு மாறுங்கள் என்று அவர்களிடம் சொல்வது எளிது, செய்வது கடினம். ஆகவே முதலில் பொரிப்பதைக் குறையுங்கள். மாத எண்ணெய்ச் செலவு இறங்கும். மிச்சமாகும் பணத்தில் கொஞ்சம் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ வாங்கித் தாளிக்க வைத்துக்கொள்ளலாம்.

காபி கல்லீரலுக்கு நண்பன். நாளுக்கு மூன்று கோப்பை வரை குடிப்பவர்களுக்குத் தழும்பு குறைவாகக் காணப்படுகிறது. சர்க்கரையில்லாமல், பால் குறைத்துக் குடிக்க வேண்டும் என்பதே நிபந்தனை. தூக்கம் கெடுபவர்களும் கர்ப்பிணிகளும் இதற்காகக் காபியைக் கூட்ட வேண்டாம்.

மது வேண்டாம். கல்லீரலில் கொழுப்பு இருக்கும்போது ‘அளவோடு’ என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை.

நடையைப் பற்றிச் சுருக்கமாக: வாரத்துக்கு 150 நிமிடம் மூச்சு வாங்கும் வேகத்தில் நடங்கள், இரண்டு நாள் தசைப் பயிற்சி. எடை இறங்காவிட்டாலும் கல்லீரல் கொழுப்பு குறையும்.

படி 7: மருந்தும் மூலிகையும்

அமெரிக்காவில் ரெஸ்மெடிரோம் 2024 மார்ச்சிலும் செமாக்ளூடைடு 2025 ஆகஸ்ட்டிலும் இந்த நோய்க்கு அனுமதி பெற்றன. இரண்டுமே அழற்சியோடு நடுத்தர அல்லது முற்றிய தழும்பு உள்ளவர்களுக்கானவை. கிரேடு 1 என்று ஸ்கேனில் வந்த எல்லோருக்கும் அல்ல. வைட்டமின் ஈ கூடச் சிலருக்கு மட்டுமே, மருத்துவர் சொல்லித்தான்.

மூலிகை விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். இயற்கையானது என்பதால் கல்லீரலைத் தாக்காது என்று இல்லை. சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சி வந்தவர்களைப் பற்றி 2021-இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். கிரீன் டீ சாற்று மாத்திரைகள், மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரைகள் ஆகியவையும் கல்லீரலைப் பதம் பார்த்திருக்கின்றன. சமையலில் போடும் மஞ்சள் வேறு, செறிவூட்டிய மாத்திரை வேறு. எதைச் சாப்பிட்டாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

படி 8: எப்போது மறுபடி பார்ப்பது

மூன்று முதல் ஆறு மாதத்தில் எடை, இடுப்பளவு, எஸ்.ஜி.பி.டி., ட்ரைகிளிசரைடு, எச்.பி.ஏ.1.சி. ஆகியவற்றைப் பாருங்கள். ஏறியிருந்த எஸ்.ஜி.பி.டி. 17 யூனிட்டுக்கு மேல் இறங்கினால் கல்லீரல் திசுவும் தேறுவதற்கு வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. மாதாமாதம் ஸ்கேன் எடுப்பதால் பயனில்லை. ஃபிப்-4 கணக்கைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறையும், மற்றவர்கள் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் போட்டுப் பார்த்தால் போதும். பழைய தாள்களைத் தேதி வாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். தட்டணு ஆண்டுதோறும் 2.4, 2.0, 1.7 என்று இறங்கிக்கொண்டிருப்பது ஒற்றைத் தாளில் தெரியாது.

கண் மஞ்சளாவது, வயிறோ காலோ வீங்குவது, ரத்த வாந்தி, கறுத்த மலம், புத்தி தடுமாற்றம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிரோசிஸ் என்று ஏற்கெனவே சொல்லப்பட்டவர்கள் மேலே உள்ள எடைக் குறைப்புத் திட்டத்தைத் தாமாகப் பின்பற்றக் கூடாது. அவர்களுக்குத் தசை கரைவதே பெரிய ஆபத்து. எடையில் கிலோ ஒன்றுக்கு நாளுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். இரவில் நீண்ட நேரம் வெறும் வயிற்றோடு இருக்காமல், படுக்கும் முன் பாலோ சுண்டலோ சிறிது சாப்பிட வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புற்றுநோய்க்கான ஸ்கேன் எடுக்க வேண்டும். இந்த உணவுத் திட்டத்தைக் கல்லீரல் மருத்துவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து வகுத்துத் தர வேண்டும்.